சீத்தாமரம் விட்டுக்கொடுத்த வண்டி

பலாப்பழம் ஏற்றப் போன இடத்தில்தான் அதைப் பார்த்தேன். அமிர்தி வழியாக ஜவ்வாது மலை ஏறி, தார் ரோடு முடிகிற ஊரில் என் லோடு வண்டியை நிறுத்தியிருந்தேன். அதற்கு மேல் என் வண்டி ஏறாது. மேலே உள்ள சின்னச் சின்ன ஊர்களிலிருந்து பழங்களைத் தலையில் சுமந்துகொண்டு வருவார்கள். வந்து சேர மதியம் ஆகும். அதுவரை நிழலில் இருக்கலாம் என்று ஒரு வீட்டின் பின்பக்கம் போனேன். உண்ணிச்செடிப் புதருக்குள் இரண்டு வட்ட விளக்குகள் தெரிந்தன. ஒன்றில் கண்ணாடி இருந்தது, இன்னொன்றில் குருவி கூடு கட்டியிருந்தது.

புதரைக் கையால் விலக்கினேன். பழைய ராணுவ லாரி. நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். உயரமான பம்பர், தட்டையான பானெட், பின்னால் இரும்புத் தொட்டி. எல்லாம் ஒரே செங்கல் நிறத்தில் துருப்பிடித்திருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தொட்டியின் தரை ஓட்டை வழியாக ஒரு சீத்தாமரம் முளைத்து, என் தலைக்கு மேல் வளர்ந்து, காயும் விட்டிருந்தது.

படவேட்டில் வாழைத்தார் ஏற்றி வேலூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் என் பிழைப்பு. வண்டியும் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். சீசனில் பலா, புளி, சாமை என்று மலைக்கும் போவேன். அதனால் வண்டி என்றால் எனக்குச் சுமை ஏற்றும் சாமான், அவ்வளவுதான். ஒரு வண்டியைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

வீட்டுக்காரர் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னாண்ணா இது?" என்றேன்.

"அதுவா? கோழிக்கூடு" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: அவருடைய அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்து வந்தது. அப்பா இருந்தவரைக்கும் மலையில் அது போகாத இடமில்லை. இவருக்கு வண்டி ஓட்ட வராது. அப்பா போன வருஷத்தில் நிறுத்திய இடத்திலேயே நின்றுவிட்டது.

நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். செல்போன் வெளிச்சத்தில் அடிச்சட்டமான சேஸியை முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனேன். துரு உதிர்ந்து முகத்தில் விழுந்தது. ஆனால் சத்தம் கோயில் மணிபோலக் கணீரென்று வந்தது. மேலே தகரம் போயிருந்தது, எலும்பு போகவில்லை. வெளியே வந்து முகத்தைத் துடைப்பதற்குள், "கொடுக்குறீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை, சரி என்றார். அவருடைய மனைவிதான் வாசலிலிருந்து கத்தினார்: "கோழிங்கள்லாம் எங்க போவும்? ராவானா நரி வருது. அதுக்குள்ள இருக்கறதாலதான் பொழைச்சிக் கெடக்குதுங்க."

நியாயமான கேள்வி. அடுத்த வாரம் படவேட்டில் ஆசாரியிடம் சொல்லி, நாலு கால் வைத்து, வலை அடித்து, தாழ்ப்பாள் போட்ட கோழிக்கூடு ஒன்று செய்து கொண்டுபோய் அவர் முற்றத்தில் இறக்கினேன். அந்த அம்மா கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். உள்ளே கையை விட்டு வலையை இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான், "இட்டுனு போ" என்றார். ஆனால் சீத்தாமரத்தை வெட்டக்கூடாது, காய்க்கிற மரம்.

தொட்டியின் தரை எப்படியும் அரித்துப் போயிருந்தது. மரத்தைச் சுற்றி அகலமாகத் தகரத்தை அறுத்து, பின்கதவைக் கழற்றி, மரத்திலிருந்து பின்கதவு இருந்த இடம்வரை ஒரு வழி வெட்டினோம். ஊர்க்காரர்கள் தள்ள, வண்டி முன்னே நகர்ந்தது. மரம் ஒரு கிளைகூட ஒடியாமல் பின்பக்கமாக வெளியே வந்தது. அதன் கழுத்தில் தகரத்தின் ஒரு வளையம் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கீழே கொண்டுவருவதுதான் பெரிய வேலை. பிரேக் கிடையாது, இஞ்சினும் ஓடாது; இழுக்க ஒரு டிராக்டர் பிடித்தேன். சங்கிலி போட்டு இழுத்தால் இறக்கத்தில் முன்னால் போகிற டிராக்டரின் மேலேயே ஏறிவிடும். அதனால் டிராக்டருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கெட்டியான இரும்புக் குழாயைப் பூட்டி, நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். சீட் மக்கிப் போயிருந்ததால் அதன் மேல் ஒரு சாக்கில் வைக்கோல் அடைத்துப் போட்டிருந்தேன். ஸ்டியரிங் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் கொஞ்சம் மனது வைத்துத் திரும்பும். ஒவ்வொரு வளைவிலும் டிராக்டர்காரர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பள்ளத்தைப் பார்க்காமல் அவருடைய சிவப்புத் துண்டையே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

அமிர்தி செக்போஸ்ட்டில் காவலர் கம்பை இறக்கி நிறுத்தினார்.

"மேலருந்து இன்னா எடுத்துனு வர்றீங்க?"

"வண்டி சார்."

அவர் வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். "வண்டி எங்கம்மா?" என்றார்.

மாமியார் அதையே வேறு மாதிரிக் கேட்டார். வண்டியை வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் இறக்கியதும் வெளியே வந்து பார்த்தவர், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "ஏம்மா, நல்லா இருக்கற வூட்டாண்ட இந்தத் துரு மூட்டைய கொண்டாந்து நிறுத்திகினு. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" என் கணவர் வாழைத்தோட்டத்திலிருந்து வந்து, கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்தபின், "இருக்கற லோடு வண்டி போதாதா?" என்றார்.

"அது ஏறாத எடத்துக்கு இது ஏறும்" என்றேன்.

"இது மொதல்ல களத்த வுட்டு நவுருதா பாப்போம்" என்றார் அவர்.

திருப்பத்தூரில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிற என் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தான். வந்ததும் பானெட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா இது? இஞ்சின் கல்லாட்டம் இறுகிப் போச்சு. இத்தத் தூக்கி எறிஞ்சிட்டு ஒரு டீசல் இஞ்சினு போட்டுத் தர்றேன். சுளுவா வேல முடியும்."

"வேணாம். இதுதான் ஓடணும்."

"பெட்ரோலு குடிக்கும்."

"குடிக்கட்டும். எப்பவாச்சும்தான எடுக்கப் போறேன்."

"அக்கா, சொல்றதக் கேளு."

நான் கேட்கவில்லை. எனக்கு அந்த இஞ்சின்தான் வண்டி. வேறு இஞ்சினைப் போட்டால் வண்டி ஓடலாம். ஆனால் புதருக்குள் நான் பார்த்தது ஓடாது. "ஒரு மாசம் பாரு. அப்பவும் அசையலன்னா நீ சொல்றபடி" என்று மட்டும் சொன்னேன்.

பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்தோம். தம்பி ஞாயிறு தோறும் வருவான். மற்ற நாட்களில் மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும் நான் ஊற்றுவேன். இஞ்சினைக் கையால் சுழற்ற முன்னால் மாட்டியிருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றப் பார்ப்பேன். அசையாது. சுவரைப் பிடித்துச் சுற்றுவதுபோல இருக்கும்.

இதற்கு நடுவில் மாமியாருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் நான் கதவுத் தகரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "நீ தேய்க்கறது தேய்ப்பா? பூனை நக்குறாப்ல கீது" என்று சொல்லி, தாளைப் பிடுங்கிக்கொண்டார். அவர் தேய்க்க ஆரம்பித்தால் தேய்க்கப்படுகிற பொருளுக்கு வேறு வழி கிடையாது. எங்கள் வீட்டுப் பாத்திரங்களைக் கேட்டால் சொல்லும். அன்று சாயங்காலத்துக்குள் கதவில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளி நிறம் தெரிந்தது. மறுநாள் டேஷ்போர்டில் கறுத்துக் கிடந்த பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தார். கியர் எப்படிப் போடவேண்டும் என்கிற படம் மெல்ல மெல்ல மேலே வந்தது. "ஏம்மா, இங்க வந்து பாரு. எழுத்துலாம் கீது!" என்று கத்தினார். சின்னக் குழந்தை மாதிரி அவர் குரல் உயர்ந்ததை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அதற்குப் பிறகு துரு எடுக்கிற வேலை அவருடையதாகிவிட்டது. நான் உதவிக்குப் போனால், "நீ போயி இஞ்சினப் பாரு" என்பார்.

இஞ்சின் அசைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தம்பி கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, நானும் அவனும் சேர்ந்து அழுத்தினோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல். குழாய் என் கைக்குள் ஒரு விரல்கடை இறங்கியது. குழாய்தான் வளைந்துவிட்டது என்று நினைத்தேன். தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் மறுபடி அழுத்தினோம். இன்னும் ஒரு விரல்கடை. அப்புறம் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கைப்பிடி ஒரு முழுச் சுற்று வந்தது.

"ஜெயிச்சிடுச்சி எங்க அக்கா கட்சி!" என்று கத்திக்கொண்டு தம்பி களத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து டீசல் இஞ்சின் பேச்சை அவன் எடுக்கவேயில்லை.

மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. இஞ்சினைப் பிரித்து லேத்துக்குக் கொண்டுபோனோம். பிரேக் டிரம், குழாய், ஒயர் எல்லாம் புதிது. நாலு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியில் ஒரு பல்சக்கரம் பாதிப் பல்லோடு இருந்தது. அதற்காக வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று பழைய இரும்புக் கடைகளை எல்லாம் சுற்றினேன். கடைசியில் ஒரு கடையில் மூட்டைக்கு அடியில் அதே பல்சக்கரம் கிடைத்தது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா அது?" என்று கேட்டபோது, "எங்க வண்டிக்கு" என்று நான் சொன்ன விதத்தில் அவர் சிரித்துவிட்டார்.

முதல் ஓட்டம் மானத்தை வாங்கியது. பச்சை வர்ணம் பூசி, தொட்டிக்குப் புதுத் தரை போட்டு, மாமியார் தன் பழைய தையல் மிஷினில் தார்ப்பாயைத் தைத்து மூடி போட்டு, பூவெல்லாம் வைத்து எடுத்தோம். கோயில் பக்கத்துக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்து, பானெட்டிலிருந்து ஆவி பறந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"இன்னாம்மா, இட்லி வேவுதா?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்குக் காது சுட்டது. ஆனால் பக்கத்து சீட்டில் இருந்த மாமியார் தலையை வெளியே நீட்டி, "வெந்ததும் சொல்லி அனுப்பறேன், சட்னி எடுத்துனு வா" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோனவர்களில் அந்த இட்லிக்காரரும் ஒருவர்.

ரேடியேட்டரைக் கழற்றிப் புதுக் குழாய்கள் வைத்தோம். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து, பேப்பரெல்லாம் சரி செய்து, ஓட்டிக் காட்டி, ஓட்டலாம் என்று முத்திரை வாங்கினோம். அங்கே வரிசையில் நின்ற புது வண்டிக்காரர்கள் என் வண்டியின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து ஒரு போன் வந்தது. ஜமுனாமரத்தூரைத் தாண்டி, காட்டுக்குள் போகிற மண்பாதையின் கடைசியில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் குழுவின் தலைவி பேசினாள். நான் அவர்களிடம் சாமை வாங்குவதுண்டு. குழுவுக்குச் சாமையின் தோலை நீக்குகிற மெஷின் ஒன்று வந்திருந்தது. அது ஜமுனாமரத்தூரிலேயே ஒரு குடோனில் கிடந்தது. மெஷின் கனம், மழை முடிந்தும் பாதை சேறு. ஒரு டிராக்டர் முயன்று பார்த்து, ஏற்றத்தில் வழுக்கி, பாதி வழியில் திரும்பிவிட்டதாம். கையில் குத்தித்தான் இன்னும் சாமை அரிசி எடுக்கிறார்கள். "ஒன்கிட்ட ராணுவ வண்டி ஒண்ணு கீதாமே அக்கா. ஏறுமா?" என்று கேட்டாள்.

"ஏறும்" என்றேன். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. சுமையோடு அது ஒரு மேட்டைக்கூட அதுவரை ஏறியதில்லை.

தம்பி முதல்நாளே திருப்பத்தூரிலிருந்து வந்து ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கினான். விடிந்ததும் கிளம்பினோம். நான், பக்கத்தில் மாமியார், பின்னால் தம்பி. கணவர் தோட்டத்துக்குப் போகிற மாதிரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் கண்ணாடியில் பார்த்தேன். "பாதில நின்னா தள்ள ஆளு வேணும்ல" என்றார்.

ஜமுனாமரத்தூரில் மெஷினை ஏற்றிக் கயிறு கட்டினோம். மண்பாதை ஆரம்பத்தில் நல்லபடியாகவே இருந்தது. ஓடை வந்தது. தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது, ஆழம் தெரியவில்லை. நான் நிறுத்துவதற்குள் கணவர் குதித்து, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். முழங்காலுக்கு மேல் போனார், நின்றார், திரும்பி என்னைப் பார்த்தார். "இந்த லைன்லயே வா. எம் பின்னாலயே வா" என்றார். அவர் முன்னால் நடக்க நடக்க, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வண்டியை விட்டேன். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் வந்தது. வண்டி தடுமாறவில்லை.

அதற்கப்புறம் அந்த ஏற்றம். டிராக்டர் வழுக்கிய தடம் இரண்டு பக்கமும் ஆழமாக இருந்தது. பாறையும் செம்மண்ணும் கலந்த பாதை, நடுவில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் நாலு சக்கர இழுப்பைப் போட்டு, சின்ன கியரில் தள்ளி, மெதுவாக ஏற்றினேன். பாதிக்கு மேல் போனபோது இடது பின்சக்கரம் ஒரு கல்லை மிதித்து இறங்கியது. வண்டி குலுங்கி, இஞ்சின் அணைந்துவிட்டது.

அமைதி. பின்னால் மெஷின் கயிற்றில் இழுபட்டு முனகியது. பிரேக்கை முழுக் காலால் மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி ஒரு கை அகலம் பின்னால் போய் நின்றது.

"அத்த, எறங்கிக்குங்க" என்றேன்.

"ஏன், நான் இன்னா மூட்டையா? நீ எடு" என்றார் அவர், முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

தம்பியும் கணவரும் கல் எடுத்துவந்து பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். "அக்கா, பதட்டப்படாத. சாவியப் போடு. ஆக்சிலேட்டர ஒரே சீரா குடு, கிளட்ச சட்டுனு வுடாத" என்றான் தம்பி. எனக்கு அதெல்லாம் தெரியும். இருந்தாலும் அவன் சொன்னது நல்லதாக இருந்தது. சாவியைத் திருப்பினேன். ஒரு தடவை இருமியது. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. இஞ்சின் சத்தம் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. கிளட்சை மெல்ல விட்டேன். முன்சக்கரங்கள் மண்ணைக் கவ்வின. பின்சக்கரம் அந்தக் கல்லின் மேல் ஏறியது, நின்றது, தாண்டியது. அதன்பிறகு நான் எங்கேயும் நிறுத்தவில்லை. யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்று தெரிந்தது.

மேலே சமதரை வந்ததும் ஊரே நின்றிருந்தது. இஞ்சின் சத்தம் அவர்களுக்கு எப்போதோ கேட்டிருக்கிறது. பெண்கள் ஓடிவந்து பானெட்டைத் தட்டினார்கள், மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. மாமியாரை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவர் இறங்கியதும் முதல் வேலையாகக் கதவில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தார். கணவர் என் பக்கத்தில் வந்து நின்று, வண்டியைப் பார்த்துக்கொண்டே, "ஏறிடுச்சு" என்றார். அவரிடமிருந்து அது ஒரு மேடைப் பேச்சு.

மெஷினைத் தூக்கிக் கொட்டகையில் வைத்து, கரண்ட் இணைப்புக் கொடுத்தார்கள். குழுத்தலைவி ஒரு முறம் சாமையை மேலே கொட்டினாள். ஒரு பக்கம் உமி பறந்தது. மறுபக்கம் அரிசி மஞ்சள் மணிமணியாக விழுந்தது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கையைப் பார்த்தாள், உலக்கை பிடித்துக் காய்த்த கையை. பிறகு மறுபடி அரிசியை ஏந்தினாள்.

அந்த அரிசியையே பொங்கி, மொச்சைக் குழம்பு ஊற்றிப் போட்டார்கள். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. தம்பி கொட்டகை நிழலில் படுத்துத் தூங்கிவிட்டான்.

குழுத்தலைவி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முப்பது வயதுக்காரி. கடைசியில் என் பக்கத்தில் வந்து, "அக்கா, இத்த ஓட்டக் கத்துக்கணும்னா இன்னா பண்ணணும்?" என்றாள்.

"ஏறி உக்காரணும்" என்றேன்.

அவள் நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். நான் சாவியை அவள் கையில் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெரிய சமதரை மைதானம் இருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சைக் காட்டினேன், பிரேக்கைக் காட்டினேன், கியரைக் காட்டினேன். முதல் தடவை வண்டி தவளை மாதிரி எகிறி அணைந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஓரமாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். அடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. மைதானத்தின் கோடியில் திருப்பச் சொன்னேன். முழு உடம்பையும் சாய்த்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள். வண்டி திரும்பி, கைதட்டிக் கூச்சலிட்டுக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்து வந்தது.